உடுத்தித் தேய்ந்த கட்டங்கள்: பழவேற்காட்டுத் துணியும் அருங்காட்சியக நினைவும்

நெதர்லாந்தின் வடக்கே லேயுவார்டன் நகரத்தில் இருக்கும் ஃப்ரீஸ் அருங்காட்சியகம் 2017-இல் பழைய உடைகளின் கண்காட்சி ஒன்றை நடத்தியது. கணுக்கால்வரை நீளும் பெண்களின் மேலங்கிகள், பாவாடைகள், கைக்குழந்தைகளின் சட்டைகள், தொப்பிகள் என்று 18ஆம் நூற்றாண்டின் உடுப்புகள் வரிசையாக நின்றன. தையல் ஐரோப்பியத் தையல். துணி நம் கடற்கரையில் இருந்து போனது. கையால் பூவும் கொடியும் எழுதிச் சாயம் ஏற்றிய அந்தப் பருத்தித் துணியை டச்சுக்காரர்கள் ‘சிட்ஸ்’ என்றார்கள். 2021-இல் இந்த உடைகள் லண்டனின் ஃபேஷன் அண்ட் டெக்ஸ்டைல் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2015-இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும், 2020-இல் டொரான்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகமும் இந்தியத் துணிகளுக்கென்றே பெரும் காட்சிகள் வைத்திருந்தன.

இத்தகைய காட்சிகளில் உடைக்கு அருகே ஒரு சிறு அட்டை இருக்கும். எந்த நாட்டில் தைத்தது, எந்தக் காலம் என்பதெல்லாம் அதில் வரும். சில உடைகளுக்கு உடுத்தியவரின் குடும்பப் பெயரும் உண்டு. துணி எங்கே செய்யப்பட்டது என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே விடைதான்: கோரமண்டல் கடற்கரை. கிருஷ்ணை முகத்துவாரம் தொட்டுக் கோடிக்கரைவரை நீளும் ஒரு முழுக் கடற்கரை, ஒரு பாவாடைக்குப் பிறந்த ஊராகிவிடுகிறது. அந்தக் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமையிடமாக முக்கால் நூற்றாண்டு வைத்திருந்த ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, இன்று மீனவக் குப்பங்களின் ஊர் அது.

இந்தக் கட்டுரை இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. பழவேற்காட்டின் துணி வரலாற்றில் எந்தப் பகுதி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை? சேராத பகுதியை இனி எங்கே தேடுவது?

முகத்துவாரத்தில் ஒரு துணிச் சந்தை

டச்சுக்காரர்கள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பழவேற்காடு துணிக்குப் பேர்போன துறைமுகம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா, இங்கே ஏராளமாகக் கிடைத்த பூவேலைப் பருத்தித் துணிகளுக்கு மலாக்கா, பெகு, சுமத்ரா ஆகிய இடங்களில் நல்ல விலை இருந்ததைப் பதிவு செய்கிறார். தமிழ் முஸ்லிம் வணிகர்களும் செட்டிகளும் அந்த வழியை அறிந்தவர்கள். துணி கிழக்கே போகும். மிளகும் கிராம்பும் சாதிக்காயும் மேற்கே வரும். தீவுகளில் வாசனைப் பொருள் விற்றவர்களுக்கு வெள்ளிக் காசைவிடத் தாங்கள் விரும்பிய துணி பெரிது. டச்சுக்காரர்களை இந்தக் கரைக்கு இழுத்து வந்தது இந்தக் கணக்குதான்.

1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை அமைத்தார்கள். சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள் 1612-இல் அதைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690 வாக்கில் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை கோரமண்டல் முழுமைக்குமான டச்சு வணிகம் இந்தக் கோட்டைக்குள்ளிருந்துதான் நடந்தது. உள்ளூரில் கம்பெனிக்குத் துணி திரட்டிக் கொடுத்தவர்கள் பெரும் இடைத்தரகர்கள். மலயா என்று ஆவணங்களில் வரும் அஸ்த்ரப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணாவும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கரையோர அரசியலையே அசைக்கும் செல்வாக்கோடு இருந்தார்கள். முன்பணம் அவர்கள் வழியாக ஊர்களுக்குப் போனது. துணி அவர்கள் வழியாகக் கோட்டைக்கு வந்தது.

கோட்டையில் இருந்த துணி கப்பலுக்குப் போன விதம்தான் குப்பங்களை இந்தக் கதைக்குள் கொண்டுவருகிறது. பழவேற்காட்டு முகத்துவாரம் ஆழமில்லாதது. மணல் மேடிட்டு அடைவதும் திறப்பதுமாக இருப்பது. ஐரோப்பியப் பெருங்கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. அலை உடையும் இடத்தைக் கடந்து பொதிகளைச் சேர்க்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு வேண்டும். அலையின் போக்கு தெரிந்த கைகள் வேண்டும். கோரமண்டல் கரையெங்கும் இந்த வேலையைச் செய்தவர்கள் கடலோடிக் குடிகள். இந்தக் கரையிலிருந்து போய் ஆம்ஸ்டர்டாமில் ஏலம்போன பூத்துணி முதலில் ஏறியது இத்தகைய படகில்தான். துணி வரலாறு நெசவாளரையும் வணிகரையும் ஓரளவு பேசுகிறது. படகுக்காரரைப் பேசுவது அரிது.

அதே படகுகளில் மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு டச்சுக்காரர்களின் அடிமை ஏற்றுமதித் துறைகளில் ஒன்று. 1640களின் பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள் ஜாவாவில் இருந்த பத்தேவியாவுக்குப் போன கப்பல்களில் அடைக்கப்பட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே வெளிக்கடல், ஒரே கணக்குப் புத்தகம். அவர்கள் இடுப்பில் சுற்றியிருந்த துணி எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

நாலு கை பட்ட துணி

கண்காட்சியில் நிற்கும் ஓர் அங்கியை அருகே சென்று பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். இலைகள் நீலமாக இருக்கும். கறுப்புக் கோடுகள் ஓடிய இடங்களில் துணி இற்றுப்போயிருக்கும். இரண்டுக்கும் விடை, அதைச் செய்த முறையில் இருக்கிறது.

வெளுத்த துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். இரும்பைப் புளித்த நீரில் ஊறவைத்து இறக்கிய கரைசலால் கோடு எழுதினால், துணியில் ஏறியிருக்கும் துவர்ப்போடு சேர்ந்து அது கறுப்பாகும். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலை எழுதுவார்கள். பிறகு சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் அழியாத சிவப்பாகும். மருத்துவ நூல்களில் இம்பூறல் என்று வரும் அதே செடியின் வேர்தான் சாயவேர். கடலோர மணலில் வளர்வது. நீலத்துக்கு வேறு ஆள், வேறு இடம். நீலம் ஏறக்கூடாத பகுதிகளை மெழுகால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். கடைசியாக மஞ்சள். பச்சை என்று தனிச் சாயம் கிடையாது. நீலத்தின் மேல் மஞ்சள் பூசினால்தான் இலை பச்சை. அந்த மஞ்சள் வெயிலுக்கும் வெளுப்புக்கும் தாங்காது. முந்நூறு ஆண்டுகளில் மஞ்சள் போய்விட, இலை நீலமாக எஞ்சியது. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறுப்பு, நாளாக ஆகப் பருத்தி இழையையே அரிக்கும். அதனால் கோடுகள் ஓட்டையாயின. இனியும் சிதையாமல் காக்கவே அருங்காட்சியகங்கள் துணிக் காட்சிகளின் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குத் தணித்து வைக்கின்றன.

இந்தத் தொழிலின் இரு தூண்கள் துவர்ப்பும் நன்னீரும். ஏரியின் உப்புநீரில் சாயத்துணியை அலச முடியாது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆரணியாறும் காளங்கியும் ஓடும் உள்நாட்டு ஊர்களில்தான் தறியும் சலவையும் நிலைகொள்ள முடியும். பழவேற்காட்டுத் துணி என்பது பழவேற்காட்டில் மட்டும் நெய்த துணி ஆகாது; பல ஊர்களில் நெய்து, வெளுத்து, எழுதி, இந்தத் துறையில் பொதியாகிக் கப்பலேறிய துணி. அருங்காட்சியக அட்டை ஊர்ப்பெயர் சொல்லத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மசூலிப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாமே எழுத்துத் துணி ஏற்றிய துறைகள்தான். ஒரு பூக்கொடியைப் பார்த்து அது எந்த ஆற்றங்கரையில் எழுதியது என்று அடித்துச் சொல்ல முடியாது.

துவர்ப்பை உள்ளூர்க் கைகள் இன்னொரு வேலைக்கும் அறிந்திருந்தன. நைலான் வருவதற்கு முன் வலைகள் பருத்தி நூலில் பின்னப்பட்டவை. உப்புநீரில் கிடக்கும் பருத்தி சீக்கிரம் அழுகிவிடும். அதனால் மரப்பட்டையை வேகவைத்த துவர்ப்புச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயப்போடுவது மீனவர்களின் வழக்கமான வேலை. எழுத்துக்காரருக்குத் துவர்ப்பு நிறத்தைப் பிடிக்க. மீனவருக்கு நூலைக் காக்க. ஒன்றைக் கலை வரலாறு எழுதியது. மற்றது மீன்பிடித் தொழிலின் அடிக்குறிப்பாகவே மிஞ்சியது.

பார்வைக்கு வைத்த துணி, பிரதிக்கு வைத்த துணி

லேயுவார்டன் காட்சியின் நட்சத்திரம் ஹிண்டலோபன் என்ற சிறு துறைமுக ஊரின் பெண்கள் அணிந்த ‘வென்ட்கே’ என்ற நீள அங்கி. அந்த ஊர் ஆண்கள் மாலுமிகள். பால்டிக் கடலோடி ஆம்ஸ்டர்டாமில் கப்பல் நிறுத்துபவர்கள். கம்பெனி விற்ற இந்தியத் துணி அப்படி அவர்கள் வீட்டுக்கு வந்தது. மங்கல நாட்களில் சிவப்பு ஓங்கிய பூத்துணி. துக்கம் காக்கும் காலத்தில் சிவப்பை நீக்கி நீலமும் வெள்ளையும். நம் கரையில் எழுதிய நிறங்களை வைத்து அந்தக் கடலோர ஊர் தன் வீட்டுச் சாவையும் கல்யாணத்தையும் ஊருக்குச் சொன்னது. 1932-இல் அணை கட்டிக் கடலை மறித்தபின் ஹிண்டலோபன் இப்போது ஓர் ஏரிக்கரை ஊர்.

வாங்குபவர் ரசனை எழுதுபவர் கைக்கு எப்படி வந்தது? ஐரோப்பிய கம்பெனிகள் மாதிரிச் சித்திரங்களைக் கப்பலில் அனுப்பின. 1643-இல் ஆங்கிலக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், சிவப்புத் தரை போட்ட மெத்தை விரிப்புகள் லண்டனில் வாங்குபவர் எல்லோருக்கும் பிடிக்கவில்லை, வெள்ளைத் தரையில் பூக்கொடி வேண்டும் என்று கேட்டார்கள். அதே காலத்தில் ஜாவா, சுமத்ரா சந்தைகளுக்குச் சிவப்புத் தரையும் முக்கோணக் கரையும் கொண்ட துணிகள் போய்க்கொண்டிருந்தன. ஜப்பானுக்கு இன்னொரு மாதிரி. பாரம்பரியக் கைவினை என்றதும் நாம் நினைக்கிற மாறாத வடிவம் இங்கே கிடையாது. எந்த நாட்டில் இந்தப் பருவத்தில் எது ஓடுகிறது என்பதைக் கடல் கடந்து தெரிந்துகொண்டு, அதற்கேற்பக் கையை மாற்றிக்கொண்ட ஃபேஷன் தொழில் இது.

ஓட்டம் அதிகமானபோது தடை வந்தது. பிரான்ஸ் 1686-இல் எழுத்துத் துணியை விலக்கியது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டது. தடைபோட்ட நாடுகளே செய்முறையைத் திருடவும் முனைந்தன. 1734-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியூ, எழுத்துக்காரர் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து ஒவ்வொரு கட்டத்திலும் துணியின் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு ஒட்டிவைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் பாதுகாப்பாக உள்ளன. 1742-இல் ஏசு சபைப் பாதிரியார் கேர்து, தாம் மதம் மாற்றிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். ஐரோப்பாவில் முறையாகச் சேகரிக்கப்பட்ட கோரமண்டல் துணி மாதிரிகளில் முக்கியமான ஒன்று, அழகுக்காக எடுத்து வைத்ததன்று; பிரதி எடுப்பதற்காக வைத்தது.

அந்த நோக்கம் 19ஆம் நூற்றாண்டில் அரசு வேலையாகவே ஆனது. லண்டன் இந்தியா மியூசியத்தின் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866-இல் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி 18 தொகுதிகளாக ஒட்டினார். வேட்டி, சேலை, தலைப்பாகை, லுங்கி, கைக்குட்டை என்று உடுத்தும் விதத்தைப் பார்த்தே அவற்றை வகைப்படுத்தினார். மொத்தம் 20 பிரதிகள். 13 பிரிட்டனின் நகரங்களுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர் எதை எப்படி உடுத்துகிறார்கள் என்று லங்காஷயர் மில்காரர்கள் தெரிந்துகொண்டு அதையே நெய்து விற்கவேண்டும் என்பது ஏற்பாடு. துணி வரலாற்று ஆய்வாளர்களுக்கு அந்தத் தொகுதிகள் இன்று பொக்கிஷம்; நம் தறிகளுக்கு அன்று அவை போட்டியாளன் கையில் கிடைத்த அளவுகோல். 1868-69-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் சாயவேரின் சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டும் தொழில் அதன்பின் மெல்லச் செத்தது.

கட்டம் போட்ட துணியின் கதை

பூத்துணிக்குக் கண்காட்சி கிடைத்தது. ஆனால் பழவேற்காட்டின் பெயரை உலகில் பரப்பியது பூத்துணியைவிடக் கட்டம் போட்ட துணிதான். பாவிலும் ஊடையிலும் சாய நூலை மாற்றி மாற்றிக் கொடுத்து நெய்த சதுரக் கைக்குட்டைகள் ‘புலிகட்’ என்ற பேரில் ஐரோப்பியச் சந்தையில் ஓடின. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ வட்டார நெசவாளர்கள் அதைப் போலவே நெய்து அதே பெயரில் விற்றார்கள். ஸ்காட்லாந்துக் கைத்தறியின் நிலையான சரக்குகளில் ஒன்றாக அது ஆனது.

அசலுக்கு அட்லாண்டிக் கரைகளில் தேவை இருந்தது. எட்டு கெஜத் துண்டாக நெய்து, அதில் கெஜத்துக்கு ஒன்றாக எட்டுச் சதுரம் வரும் இந்தத் துணி ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போனது. மார்த்தினிக், குவாதலூப், டொமினிகா, செயின்ட் லூசியா தீவுகளில் பெண்கள் அதைத் தலையில் கட்டினார்கள். அடிமைத்தனத்திலிருந்து மீண்ட மக்களின் விழா உடையாகி, அது இன்று அந்தத் தீவுகளின் மரபு உடையிலேயே இடம்பெறுகிறது. நைஜர் ஆற்று முகத்துவாரத் தீவுகளில் வாழும் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்பார்கள். சிறு கத்தியால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவிவிட்டு, கட்டத்துக்குள் புதுக்கோலம் வரவைப்பது அங்கே பெண்களின் கலை. குடும்பத்தின் பெரியவர் இறந்தால் பெட்டியில் காத்துவைத்த துணிகளை எடுத்து, உடலைக் கிடத்தும் கட்டிலை அலங்கரிப்பார்கள். அவர்களும் மீன்பிடித் தீவுகளின் மக்கள். உப்பங்கழியும் படகும் அறிந்தவர்கள். சென்னைத் துணியின் வரலாற்றை அவர்கள் தங்கள் வரலாறாகவே வைத்திருக்கிறார்கள்.

கிழக்கே இந்தக் கட்டம் ஆண்களின் இடுப்புக்குப் போனது. மலேசியாவிலும் புரூணையிலும் சிங்கப்பூரிலும் ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் மூட்டிய கட்டச் சாரத்தைக் ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். ஊர்ப்பெயர்தான் துணிப்பெயர். கம்பெனிகளுக்கு முன்பும் பின்பும் கெடா, அச்சே, பினாங்கு என்று போய்வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கொண்டு சேர்த்தது அது. இன்று அதைப் பெருமளவில் நெய்வது ஜாவாவின் கிரெசிக், தெகால், பெகலோங்கான் நகரங்கள். தமிழ்நாட்டில் குறிஞ்சிப்பாடியும் குடியாத்தமும் லுங்கிக்குப் பேர்போனவை. ‘பாளையக்காட்டு லுங்கி’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் கடைகளில், அந்தப் பாளையக்காடு பழவேற்காடு என்ற மீனவ ஊர்தான் என்று அறிந்தவர் சிலர்தான்.

இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் தொராஜா மக்கள் இன்னொரு வழி காட்டினார்கள். வணிகத்தில் வந்த இந்தியத் துணிகளை வெட்டவில்லை, தைக்கவில்லை. குலச்சொத்தாகச் சுருட்டி வைத்துச் சடங்கு நாட்களில் மட்டும் விரித்தார்கள். டச்சுக் கம்பெனியின் முத்திரை குத்திய துணிகளும் அவற்றில் உண்டு. தமிழ்நாட்டில் கிடைக்காத பழமையான துணிகள் அந்த மலைவீடுகளில் பிழைத்தன.

இந்த ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு நியதி தெரிகிறது. துணி எங்கே அபூர்வப் பொருளோ அங்கே அது எஞ்சியது: ஹிண்டலோபனின் துக்க அங்கியாக, தொராஜாவின் சடங்குத் துணியாக, கலபாரியின் பெட்டிச் சொத்தாக. எங்கே அது அன்றாடப் பொருளோ அங்கே தேய்ந்து மறைந்தது. அருங்காட்சியகத்தில் நாம் காண்பது பெரும்பாலும் அதிகம் உடுத்தாத துணி. அதை மட்டும் வைத்து எழுதும் வரலாறு, பத்திரப்படுத்தியவரை நாயகராக்கி, உடுத்தி உழைத்தவரை வெளியே நிறுத்திவிடும்.

ஏரிக்கரையின் உடை

அப்படியானால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், ஜமீலாபாத் ஆகிய இடங்களில் வாழ்ந்தவர்கள் என்ன உடுத்தினார்கள்? இதற்கு ஒரு கண்காட்சி வைக்க முயன்றால் பெட்டிகள் காலியாகத்தான் இருக்கும். காரணங்கள் தெளிவானவை.

முதல் காரணம் வேலை. வலை இழுப்பவருக்குக் கோவணமும் தலையில் ஒரு துண்டும் போதும். உப்புநீர் அதையும் சில மாதங்களில் தின்றுவிடும். ஏரியில் இடுப்பளவு நீரில் தவழ்ந்து கையால் இறால் தடவி, வாயில் கவ்விய ஓலைப் பறியில் போடும் பெண்கள், சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கும் சேற்றுக்கும் ஈடுகொடுக்க அவர்கள் கண்ட உடை அது. எந்த ஆடை வரலாற்றுப் புத்தகத்திலும் அதற்குப் பெயரில்லை.

இரண்டாவது காரணம் சிக்கனம். கிழிந்த சேலை குழந்தைக்குத் தூளியாகும். பிறகு படுக்கை விரிப்பாகும். பிறகு சுமை தூக்கும் பெண்ணின் தலைச் சும்மாடாகும். கடைசியில் படகைத் துடைக்கும் கந்தையாகும். ஒரு துணி முழுதாகத் தீரும்வரை உழைத்தால் பாதுகாக்க எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது காரணம் இடப்பெயர்ச்சி. 1960களின் இறுதியில் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ராக்கெட் தளத்துக்கென்று எடுக்கப்பட்டபோது அங்கே இருந்தவர்கள் வெளியேறினார்கள். 2004 டிசம்பரில் சுனாமி குப்பங்களுக்குள் புகுந்தது. புயலும் முகத்துவாரத்தின் மாற்றமும் எப்போதும் உண்டு. மூன்று தலைமுறைக்கு ஒரே வீட்டில் ஒரே டிரங்குப் பெட்டி இருக்கிற வாழ்க்கை இது கிடையாது. தொராஜாவின் துணி பிழைத்ததற்கு அவர்கள் மலைவீடு ஒரு காரணம் என்றால், இங்கே துணி பிழைக்காததற்குக் கரை ஒரு காரணம்.

இவற்றுக்கு மேல் நான்காவது ஒன்று உண்டு: சேகரித்தவர்களின் கண். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அதன் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன், சென்னை மாகாணத்தின் பருத்தித் துணித் தொழிலைப் பற்றி 1897-இல் ஒரு நூலே எழுதினார். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தொகுதிகளுக்காகப் படகோடிகளையும் மீனவர்களையும் கவனித்தார். தொழில்துறை ஆவணத்தில் துணி தறியில் முடிந்தது; இனவரைவியலில் உடை உடலின் அடையாளமானது. நெய்தவரின் துணி எப்படி மீனவரின் இடுப்புக்கு வந்தது, எத்தனை நாள் இருந்தது, எப்போது மாறியது என்ற கேள்வி இரண்டு நூல்களுக்கும் இடையே விழுந்துவிட்டது.

நினைவில் தேடுவது

துணி இல்லாத இடத்தில் நினைவு இருக்கிறது. கரையோர ஊர்களில் வயதானவர்களிடம் உடையைப் பற்றிப் பேச்செடுத்தால் தேதி வராது, நிகழ்ச்சி வரும். ரவிக்கை வந்த காலம், நைலக்ஸ் சேலை வந்த காலம், முதன்முதலில் ஒருவர் பேண்ட் போட்டு ஊருக்குள் நடந்த காலம். முஸ்லிம் தெருக்களில் பெண்கள் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி நடந்ததை நினைப்பவர்கள், அதன் இடத்தில் கறுப்பு அங்கி எப்போது வந்தது என்பதை வளைகுடாவுக்கு வேலைக்குப் போன மகன்களோடும் மருமகன்களோடும் இணைத்துச் சொல்வதைத் தமிழகக் கடற்கரையில் எங்கும் கேட்கலாம். நைலான் வலையும் நைலான் சேலையும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் குப்பத்துக்குள் வந்தன. ஒன்று வலைக்குத் துவர்ப்புப் போடும் வேலையை நிறுத்தியது. மற்றது சேலைக்குக் கஞ்சி போடும் வேலையைக் குறைத்தது. இன்று வீட்டு வேலையிலும் மீன் கூறு போடும் இடத்திலும் நைட்டி. அதன்மேல் மார்பை மறைத்து ஒரு துண்டு. ஆண்களிடம் பாலியெஸ்டர் சட்டையும் கால்பந்து ஜெர்சியும் இருந்தாலும், கரைக்கு வந்து உட்கார்ந்ததும் இடுப்பில் கட்டுவது கட்டம் போட்ட லுங்கிதான்.

அந்த லுங்கி இப்போது வேறு ஊரில் நெய்தது. பல சமயம் விசைத்தறியில். சாயம் ரசாயனச் சாயம். ஆனால் சதுரத்தின் அளவு, ஓரக்கரையின் அகலம், நடுவில் வரும் தலைப்பு என்று அதன் அமைப்பு, சந்தைகள் பல கடந்து வந்த பழைய அமைப்பின் தொடர்ச்சி. பூத்துணி அறுந்துபோன மரபாகி அருங்காட்சியகம் சேர்ந்தது. கட்டத்துணி அறுபடாத மரபு. அதனாலேயே அதைக் காட்சிக்கு வைக்க நினைத்தவர்கள் குறைவு.

பழவேற்காட்டுக்கு வருபவர்கள் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள டச்சுக் கல்லறைகளைப் பார்க்கிறார்கள், ஏரியில் பறவை பார்க்கிறார்கள், முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி வாங்குகிறார்கள். இந்த ஊரின் பெயரை உலகத்துக்குச் சொன்ன பொருளைப் பார்க்க அங்கே இடமில்லை. அப்படி ஓர் இடம் அமைந்தால் அதில் என்ன வைக்கலாம்?

லேயுவார்டனிலிருந்து ஓர் அங்கியைக் கடன் கேட்கத் தேவையில்லை. அதன் படமும் செய்முறை விளக்கமும் போதும். சாயவேர்ச் செடி ஒரு பாத்தி, கடுக்காய், படிகாரம், துவர்ப்பிட்ட பருத்தி வலை, மசூலாப் படகின் கயிற்றுத் தையல் ஆகியவை வேண்டும். பக்கத்தில் ஒரு மலேசியப் பெலிகாட், ஒரு கலபாரி இஞ்சிரி, ஒரு மார்த்தினிக் தலைத்துணி, குறிஞ்சிப்பாடித் தறியிலிருந்து ஒரு லுங்கி. இவையெல்லாம் விலைக்கு வாங்கக் கூடியவை, அபூர்வமானவை அல்ல. அதற்கும் மேலாகக் குப்பங்களிலிருந்தே வாங்க வேண்டியவை: இறால் தடவும் பெண்ணின் முழுக்கைச் சட்டை, பழைய துப்பட்டி, தூளியான சேலை, தேய்ந்த துண்டு. ஒவ்வொன்றோடும் உடுத்தியவர் விரும்பினால் அவர் பெயரும், எந்த வேலைக்கு எத்தனை நாள் உழைத்தது என்ற குறிப்பும்.

டச்சுக் கணக்குப் புத்தகங்கள் துணியின் நீளத்தையும் விலையையும் தரகர் பெயரையும் எழுதின. எழுத்துக்காரர், சலவைக்காரர், படகுக்காரர் பெயர்களுக்கு அவற்றில் இடமில்லை. அருங்காட்சியக அட்டைகளில் செய்தவர் பெயர் இல்லாமல் போனது அந்தக் கணக்குமுறையின் விளைவு. பழைய அட்டைகளை இனித் திருத்துவது கடினம். இப்போது உடுத்திக்கொண்டிருக்கும் துணியின் கணக்கை எழுதுபவர்கள் நாம். அதில் பெயர்களையும் சேர்த்து எழுத எந்தத் தடையும் இல்லை.